குறிப்பேட்டில் ஏறாத ஆட்டம்



ஒரு விளையாட்டின் வரலாற்றை எங்கே தேடுவது என்று கேட்டால், ஆட்டக் குறிப்பேடுகளில் தேடலாம் என்று நீங்கள் விடை கூறுவீர்கள். எந்த நாளில் எந்த அணிகள் மோதின, யார் எத்தனை புள்ளிகள் பெற்றனர், வெற்றி யாரைச் சேர்ந்தது என்பன எல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். அவை நல்ல சான்றுகளே, ஐயமில்லை. ஆனால், எந்தக் குறிப்பேட்டிலும் ஏறக் கூடாது என்று ஆடியவர்களே உறுதி செய்துகொண்ட ஓர் ஆட்டம் உண்டு. அந்த ஆட்டத்தைப் பற்றியும், அதை நடத்திய கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவரைப் பற்றியும் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அவர் பெயர் ஜான் மெக்லெண்டன். அவர் வாழ்ந்த நாடு அமெரிக்கா. அவர் கற்பித்த ஆட்டம் கூடைப்பந்து.

முதலில் அந்த ஆட்டம் பிறந்த கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தார் நடத்திய பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாமல் மாணவர்கள் சலிப்புற்றிருந்தனர். அவர்களுக்காகக் கூரையின் கீழ் ஆடத் தக்க ஒரு விளையாட்டை அமைக்குமாறு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியர் பணிக்கப்பட்டார். அவர் கனடா நாட்டில் பிறந்தவர். பழம் வைக்கும் இரண்டு கூடைகளைப் பத்தடி உயரத்தில் அறைந்தார். 13 விதிகளை எழுதினார். 18 மாணவர்களை ஒன்பதின்மராக இரு பிரிவாக்கி ஆடவிட்டார். அதுவே கூடைப்பந்தின் தொடக்கம். சென்னையில் 1920ஆம் ஆண்டு ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் அவர்களும் அந்த ஸ்பிரிங்பீல்டில் பயின்றவரே. ஆகவே நம் ஊர்க் கல்லூரித் திடலில் பந்தைக் கூடைக்குள் எறியும் மாணவனும் அந்த மூலத்தோடு உறவுடையவன் என்பதில் தவறில்லை.

நெய்ஸ்மித் 1898ஆம் ஆண்டில் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அங்கேயே பல்லாண்டு பணி புரிந்தார். தாம் கண்டுபிடித்த ஆட்டத்தைக் கொண்டு அவர் பொருள் ஈட்டவில்லை. அந்த ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் என ஒருவர் வேண்டும் என்றுகூட அவர் கருதியதில்லையாம். மாணவர்கள் தாமே ஆடி மகிழ வேண்டும் என்பதே அவர் எண்ணம். அத்தகைய ஆசிரியரைத் தேடி 1933ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் வந்தார். கான்சஸ் மாநிலத்தில் ஹயவாதா என்னும் சிற்றூரில் 1915ஆம் ஆண்டு பிறந்த ஜான் மெக்லெண்டன்தான் அவர். கூடைப்பந்துப் பயிற்சியாளராக வேண்டும் என்பது அவருடைய சிறு வயது ஆசை. அந்த ஆட்டத்தை உண்டாக்கியவரே நம் மாநிலத்தில் இருக்கும்போது வேறு யாரிடம் பயில்வது என்று எண்ணிய அவர் தந்தையார், மகனை அழைத்து வந்து அங்கே சேர்த்தார்.

நெய்ஸ்மித்திடம் சென்ற இளைஞர், "நீங்களே எனக்கு வழிகாட்டும் ஆசிரியர்" என்றாராம். யார் அப்படிச் சொன்னது என்று முதியவர் வினவினார். என் தந்தை சொன்னார் என்றார் இளைஞர். தந்தையர் சொல் பிழையாகாது, உள்ளே வா என்னும் பொருள்பட நெய்ஸ்மித் அவரை வரவேற்றார். இந்நிகழ்ச்சியை மெக்லெண்டன் முதுமையிலும் மகிழ்வோடு நினைவு கூர்வதுண்டு.

ஆசிரியரின் அறைக்கதவு திறந்தது. ஆனால் ஆடுகளத்தின் கதவு திறக்கவில்லை. மெக்லெண்டன் கறுப்பினத்தவர். அந்நாளில் அப்பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியில் கறுப்பின மாணவர்க்கு இடமில்லை. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிடமே பாடம் கேட்கலாம். அந்த ஆட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் ஆட முடியாது! இந்த முரண்பாட்டை என்னவென்பது?

நீச்சற்குளத்தின் நிலையும் அத்தகையதே. உடற்கல்வி பயிலும் மாணவர் எல்லோரும் நீந்திக் காட்ட வேண்டும் என்பது விதி. கறுப்பின மாணவன் ஒருவன் குளத்தில் இறங்கினால் மற்றவர்கள் இறங்க மாட்டார்கள் என்று அஞ்சியவர்கள், அவனை நீரில் இறக்காமலேயே மதிப்பெண் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கத்தை வைத்திருந்தனர். மெக்லெண்டன் அந்தச் சலுகையை ஏற்கவில்லை. நான் நீந்தியே மதிப்பெண் பெறுவேன் என்று குளத்தில் இறங்கினார். அவர் கரையேறிய பின் குளத்து நீர் முழுவதும் வெளியேற்றப்பட்டது என்று அவரே பின்னாளில் கூறியுள்ளார். நெய்ஸ்மித் அவர் பக்கம் நின்றார். முடிவில் அந்தக் குளம் எல்லா மாணவர்க்கும் திறந்துவிடப்பட்டது. கிணற்றில் நீர் மொள்ளவும் குளத்தில் கால் நனைக்கவும் மனிதரை மனிதர் தடுத்த வரலாறு நம் நாட்டிலும் உண்டு. ஆதலால் இந்தச் செய்தியின் பொருளை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

நெய்ஸ்மித்திடம் மெக்லெண்டன் கற்றது என்ன? ஆடும் சிறுவர்களைக் கூர்ந்து நோக்கு என்று ஆசிரியர் அவரிடம் கூறுவாராம். பந்து போகும் இடமெல்லாம் சிறுவர்கள் ஓடுகிறார்கள். களத்தின் ஒரு பாதியில் மட்டும் நின்று ஆட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த ஆட்டம் களம் முழுவதிலும் ஆடப்பட வேண்டியது. பந்து கிட்டிய இடத்திலேயே தாக்குதல் தொடங்க வேண்டும். பந்து கைவிட்டுப் போன இடத்திலேயே தடுப்பு தொடங்க வேண்டும். சிறுவர் ஆட்டத்திலிருந்து எடுத்த இந்த எளிய உண்மையை மெக்லெண்டன் தம் வாழ்நாட் கொள்கையாக்கிக்கொண்டார்.

1936ஆம் ஆண்டில் கான்சஸில் பட்டம் பெற்று, அயோவா பல்கலைக்கழகத்தில் மேற்பட்டமும் பெற்ற மெக்லெண்டன், 1937ஆம் ஆண்டில் தென்னகத்துக்குச் சென்றார். வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் என்னும் நகரில் கறுப்பின மாணவர்க்கென இருந்த கல்லூரியில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகம் என்பது அதன் இன்றைய பெயர். 1940ஆம் ஆண்டில், தம் 25ஆம் வயதில், தலைமைப் பயிற்சியாளரானார்.

அவர் டர்ஹமுக்கு வந்த அதே 1937ஆம் ஆண்டில் கூடைப்பந்து விதிகளில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. அதுவரை ஒவ்வொரு முறை பந்து கூடையில் விழுந்ததும், எல்லோரும் நடுக்களத்துக்குத் திரும்பி வர வேண்டும். நடுவர் பந்தை மேலே எறிய, இருவர் எம்பி அதைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் ஆட்டம் நின்று நின்று நடந்தது. இந்த விதி நீக்கப்பட்டதும் ஆட்டம் தடையின்றி ஓடத் தொடங்கியது. அப்போதும் பல பயிற்சியாளர்கள் பழைய பழக்கத்திலேயே மெல்ல நடந்து, பந்தைக் கைமாற்றி, நெடுநேரம் காத்திருந்து எறியும் முறையையே கற்பித்தனர். புதிய விதியின் பொருளை முழுதும் உணர்ந்த சிலருள் மெக்லெண்டன் ஒருவர்.

அவர் முறையைக் கேளுங்கள். எதிரி எறிந்த பந்து கூடையில் விழாமல் திரும்புகிறது. அதைப் பிடித்தவன் ஒரு கணமும் தாமதியாமல் பக்கவாட்டில் நிற்கும் தோழனுக்கு அனுப்புகிறான். அங்கிருந்து பந்து நடுவே வருகிறது. நடுவில் ஒருவன், இரு ஓரங்களிலும் ஒவ்வொருவன் என மூவர் மூன்று பாதையில் பாய்கின்றனர். எதிரிகள் திரும்பி வந்து அணி வகுப்பதற்குள் மூவர் இருவரை எதிர்க்கும் நிலை உண்டாகிறது. நடுவில் வருபவன் எதிரி எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்து மறுபக்கம் பந்தைத் தருகிறான். இதைத்தான் ஆங்கிலத்தில் பாஸ்ட் பிரேக் என்பர். பார்ப்போர்க்கு இது வெறும் ஓட்டம் போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு அடியும் முன்னரே பழகப்பட்டது. பந்து பறிபோனாலோ, அவருடைய மாணவர்கள் தம் கூடைக்கு ஓடி ஒதுங்குவதில்லை. நின்ற இடத்திலேயே எதிரியை நெருக்கத் தொடங்குவர்.

இவ்வாறு ஆட நல்ல மூச்சு வேண்டும். ஆகவே பந்தைத் தொடும் முன் மாணவர்களை நெடுந்தூரம் ஓடச் செய்தார். கடைசிப் பத்து நிமிடத்தில் எதிரி களைக்கும்போது தம் மாணவன் களைக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. இந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்க்கவில்லை.

ஆயினும் ஒரு குறை இருந்தது. நாட்டளவில் நடந்த பெரிய கல்லூரிப் போட்டிகளுக்குக் கறுப்பினக் கல்லூரிகளை எவரும் அழைப்பதில்லை. வெள்ளையர் கல்லூரிகள் அவற்றோடு ஆடுவதுமில்லை. தென்னகத்தில் பள்ளி, பேருந்து, உணவுக்கடை எல்லாம் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. சட்டமே அப்பிரிவினைக்குக் காவலாக நின்றது. 1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெக்லெண்டனின் அணி அந்த ஆட்டப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றிருந்தது. ஆனால் தாம் எவ்வளவு நல்ல அணி என்பதை அளந்து பார்க்க அவர்களுக்கு வழியில்லை.

அதே டர்ஹம் நகரில் டியூக் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது வெள்ளையர்க்கு மட்டும் உரியதாக இருந்த காலம். போர்க்காலமாதலால், அதன் மருத்துவக் கல்லூரியில் பல ஊர்களிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்ந்திருந்தனர். அவர்களுள் சிலர் முன்னர்த் தத்தம் கல்லூரிகளில் பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள். அவர்களுடைய அணியை வெல்ல அப்பகுதியில் யாருமில்லை என்ற பேச்சு எழுந்தது. இரு கல்லூரி மாணவரும் ஒய்.எம்.சி.ஏ. கூட்டங்களில் மறைவாகச் சந்திப்பதுண்டு. அங்கே பிறந்தது ஓர் அறைகூவல்: யார் சிறந்தவர் என்று ஆடிப் பார்த்துவிடுவோமே!

மெக்லெண்டன் எண்ணிப் பார்த்திருப்பார். தோல்விக்கு அஞ்ச வேண்டியதில்லை. செய்தி வெளிப்பட்டால் மாணவர்களுக்கு நேரக்கூடிய தீங்குதான் பெரிது. இந்த அச்சம் வீண் அச்சமன்று. அதே ஆண்டு ஜூலை மாதத்தில், அதே நகரில், பேருந்தின் பின்னிருக்கைக்குச் செல்லத் தாமதித்த ஒரு கறுப்பினப் படைவீரர் ஓட்டுநரால் சுட்டுக் கொல்லப்பட்டார். வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு அந்த ஓட்டுநரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அந்த ஊரில்தான் இந்த ஆட்டத்துக்கு அவர் இசைந்தார்.

1944ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஊரார் பெரும்பாலோர் அப்போது தேவாலயங்களில் இருப்பர். மருத்துவ மாணவர்கள் கடன் வாங்கிய கார்களில் ஏறி, நேர்வழியை விட்டுச் சுற்றுவழியாக வந்தனர். கல்லூரிக்குள் நுழைந்ததும் சட்டைகளைத் தலைமேல் போர்த்திக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குள் புகுந்தனர். கதவு பூட்டப்பட்டது. நடுவர் இருந்தார், நேரம் பார்ப்பவரும் இருந்தார், பார்வையாளர்க்கு மட்டும் இடமில்லை. எப்படியோ மணம் பிடித்த சில மாணவர்கள் மட்டும் வெளியே தொற்றி ஏறிச் சன்னல் வழியாகப் பார்த்தனர்.

முதலில் இரு அணியினர்க்கும் கை நடுங்கியது. எறிந்த பந்துகள் கூடையை விட்டு விலகின. பந்துக்காக மோதும்போது உடல் மேல் உடல் படுவதற்கே அஞ்சினர். இதற்கு முன் அவர்கள் இவ்வாறு ஒருவரையொருவர் தொட்டதில்லை. சற்று நேரத்தில் அந்த அச்சம் நீங்கியது. மெக்லெண்டனின் மாணவர்கள் ஓடத் தொடங்கினார்கள். அந்த ஓட்டத்துக்கு முன் மருத்துவ மாணவர்களால் நிற்க முடியவில்லை. ஆட்டம் முடிந்தபோது ஒரு பக்கம் 88 புள்ளிகள், மறுபக்கம் 44. சரியாக இரண்டு மடங்கு!

இதோடு கதை முடிந்திருந்தால் ஒரு வெற்றிக் கதையாகவே அது நின்றிருக்கும். அடுத்து நடந்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். சிறிது ஓய்வுக்குப் பின் அவர்கள் மீண்டும் களத்தில் இறங்கினர். இம்முறை இரு கல்லூரியினரும் கலந்து நின்றனர். ஒரு பிரிவினர் சட்டையோடும், மறு பிரிவினர் சட்டையின்றியும் ஆடினர். எந்தப் பக்கத்தில் யார் என்பதை அறியச் சட்டை ஒன்றே அடையாளம், நிறம் பயன்படவில்லை. ஆட்டம் முடிந்த பின் மாணவர் விடுதியில் அமர்ந்து நெடுநேரம் உரையாடினர். பின்னர் வந்த வழியே மறைவாகத் திரும்பினர்.

செய்தி ஒரு கறுப்பினப் பத்திரிகையாளரின் காதுக்கு எட்டியது. அவர் அதை எழுதவில்லை. எழுதாமல் இருந்ததே அன்று அவர் செய்த தொண்டு. ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் இந்த ஆட்டம் ஆடியவர்களின் நெஞ்சில் மட்டுமே வாழ்ந்தது. ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற வரலாற்றாசிரியர் மெக்லெண்டனிடமும் மற்றவர்களிடமும் கேட்டறிந்து, 1996ஆம் ஆண்டில் இதை உலகுக்கு வெளியிட்டார். வரலாறு பயிலும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஏடுகள் மௌனமாக இருப்பதனாலேயே ஒன்று நிகழவில்லை என்று முடிவு கட்டலாகாது. சில வேளைகளில் அந்த மௌனத்துக்கே ஒரு காரணம் இருக்கும். அக்காரணமும் வரலாற்றின் பகுதியே.

மெக்லெண்டன் அந்த ஒரு காலையோடு நிறைவடையவில்லை. பூட்டிய அறையில் மெய்ப்பித்ததைத் திறந்த மன்றத்தில் மெய்ப்பிக்க விரும்பினார். தென்கிழக்குப் பகுதிக் கறுப்பினக் கல்லூரிகளுக்கென 1946ஆம் ஆண்டில் ஒரு பெரும்போட்டியைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். வாஷிங்டன் நகரில் நடந்த அம்முதற் போட்டியில் அவர் அணியே வென்றது. பின்னர் ஹாம்ப்டன் என்னும் கல்லூரியில் ஈராண்டுகள் இருந்துவிட்டு, 1954ஆம் ஆண்டில் நாஷ்வில் நகரிலுள்ள டென்னஸி மாநிலக் கல்லூரிக்குச் சென்றார்.

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே 1954ஆம் ஆண்டில்தான். சிறிய கல்லூரிகளின் சங்கம் ஒன்று தன் தேசியப் போட்டியைக் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் திறந்துவிட்டிருந்தது. அப்போட்டிகள் நடந்த கான்சஸ் சிட்டி நகரில் விடுதிகளுக்கும் நிறம் உண்டு. அங்கு ஆட அழைப்பு வந்தபோது மெக்லெண்டன் ஒரு நிபந்தனை விதித்தார். மற்ற அணிகள் எந்த விடுதியில் தங்குமோ, அதே தரமான விடுதியில் என் மாணவர்களும் தங்க வேண்டும். இல்லையேல் வரமாட்டோம் என்றார். நிபந்தனை ஏற்கப்பட்டது. களத்தில் சமம், உறங்குமிடத்தில் தாழ்வு என்றால் அது சமமாகாது என்பதை அவர் கான்சஸின் நீச்சற்குளத்திலேயே கற்றிருந்தார்.

அதன்பின் நடந்தது குறிப்பேடுகளில் தெளிவாகவே இருக்கிறது. 1957, 1958, 1959 ஆகிய மூன்றாண்டுகளிலும் அந்தத் தேசியப் போட்டியில் டென்னஸி அணியே வாகை சூடியது. இன வேறுபாடின்றி நடந்த ஒரு தேசியப் போட்டியில் கறுப்பினக் கல்லூரி ஒன்று பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. அடுத்தடுத்து மூன்று தேசியப் பட்டங்கள் பெற்ற முதற் கல்லூரிப் பயிற்சியாளரும் அவரே. அவரிடம் அப்போது பயின்ற டிக் பார்னெட் பின்னாளில் நியூயார்க் அணியில் ஆடிப் பெரும்புகழ் பெற்றார்.

அவர் வாழ்வு முழுவதும் வெற்றியே என்று கூறினால் அது பொய்யாகும். 1961ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து நகரில் ஒரு தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளரானார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகம் ஒன்றில் அப்பொறுப்பேற்ற கறுப்பின முன்னோடிகளுள் ஒருவர் அவர். ஆனால் அணி நிருவாகத்தோடு கருத்து வேறுபட்டு, ஆட்டப் பருவத்தின் இடையிலேயே விலகினார். 1966ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. வெள்ளை மாணவர் பெரும்பான்மையாக உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் தலைமைப் பயிற்சியாளரான முதற் கறுப்பினத்தவர் என்ற பெருமை கிட்டியது. ஆனால் அங்கே வென்ற ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்களே மிகுதி. 1969ஆம் ஆண்டில் டென்வர் நகரின் தொழில்முறை அணியில் 28 ஆட்டங்களோடு அவர் பணி முடிந்தது. கதவைத் திறப்பவனுக்கே உள்ளே நல்ல இருக்கை கிடைக்கும் என்பது உறுதியன்று. அவன் திறந்த வழியில் பின்வருவோர் எளிதாக நடப்பர். அவனுக்கு அதுவே ஊதியம்.

ஸ்பிரிங்பீல்டு நகரில் நெய்ஸ்மித்தின் பெயரால் கூடைப்பந்துப் புகழ் மண்டபம் ஒன்று இருக்கிறது. 1979ஆம் ஆண்டில் ஆட்டத்துக்குத் தொண்டாற்றியவர் என்ற பிரிவில் மெக்லெண்டன் அங்கே சேர்க்கப்பட்டார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை வென்றவரைப் பயிற்சியாளர் என்ற பெயரால் அம்மண்டபம் அன்று ஏற்கவில்லை. 1999ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் மறைந்தார். அதன்பின் 16 ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2016ஆம் ஆண்டில்தான் பயிற்சியாளர் பிரிவிலும் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. ஆசிரியரின் பெயர் தாங்கிய மண்டபத்தில் மாணவர் இருமுறை நுழைந்தார்.

நண்பர்களே, இன்று உலகில் எந்த நாட்டுக் கல்லூரியிலும் கூடைப்பந்து ஆட்டத்தை நீங்கள் காணலாம். பந்து கிடைத்ததும் மூவர் மூன்று பாதையில் பாய்ந்தோடுவதைக் காண்பீர்கள். அந்த ஓட்டம் இயல்பானது, என்றும் இருந்தது என்று தோன்றும். அதை ஒழுங்குபடுத்திக் கற்பித்தவருள் முதன்மையான ஒருவர், தாம் பயின்ற பல்கலைக்கழகத்தின் அணியில் ஒரு நாளும் ஆட விடப்படாதவர் என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். டர்ஹம் நகரில் பூட்டிய கதவுக்குள், இரண்டாவது ஆட்டத்தில், சட்டை அணிந்தோரும் அணியாதோருமாகக் கலந்து ஆடிய அந்த இளைஞர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தின் புள்ளிகள் 88, 44 என்று நமக்குத் தெரியும். இரண்டாவது ஆட்டத்தில் யார் வென்றார் என்பது எங்கும் பேசப்படுவதில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை என்றே நான் எண்ணுகிறேன்.